பன்னீர் திராட்சைக்கு எத்தனை மார்க்?

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மீடியத்தில். அங்கே எல்லாப் பாடத்துக்கும் மார்க் 20-க்குத்தான். 14 வாங்கினால் வீட்டில் பாயசம். ‘இருபது கடவுளுக்கு, பத்தொன்பது எனக்கு, மிச்சம் உங்களுக்கு’ என்பார் வாத்தியார். பிறகு கிளார்க் வேலை, பைல், ரிட்டயர்மெண்ட் என்று காலம் நெல்லையிலேயே ஓடிவிட்டது. அந்த 20 மட்டும் என்னை விடவில்லை. வீட்டுச் சாம்பாருக்கும் மனசுக்குள் மார்க் போடுவேன். வெளியே சொல்வதில்லை.

போன மாதம் இத்தாலியில் வேலை பார்க்கும் தங்கை மகன் இரண்டு பாட்டில் ஒயின் கொண்டு வந்தான். வீட்டில் முகம் சுளித்தார்கள். டாஸ்மாக் வாசலில் நடக்கும் கூத்தைப் பார்க்கிற ஊரில் அது நியாயம்தான். எனக்குச் சர்க்கரை வேறு. இரண்டிலும் இரண்டு ஸ்பூன் என்று சமாதானம் ஆனது.

முதலாவது ஸ்கியாவா. ஆல்ப்ஸ் மலையை ஒட்டிய ஆல்டோ அடிஜே பகுதியின் கறுப்புத் திராட்சை. முதல் உலகப் போர் வரை அது ஆஸ்திரியா மண். நிறம் வெளிறித்தான் இருந்தது. ஸ்ட்ராபெர்ரி வாசனை, கடைசியில் லேசாகப் பாதாம் கசப்பு. 13 போட்டேன்.

அடுத்தது ஜிபிப்போ. சிசிலிக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே பான்டெலேரியா என்று ஒரு தீவு. காற்றுக்குப் பயந்து கொடியைக் குழிக்குள் குட்டையாக வளர்க்கிறார்கள். அந்த முறைக்கு 2014-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. பழத்தை வெயிலில் உலர்த்திப் பிழிந்த ஒயின். தேன், ஆரஞ்சுத் தோல் மணம். 16.

மருமகன் செல்போனில் நிபுணர்களின் மார்க்கைக் காட்டினான். எல்லாம் 100-க்கு. ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்கர் பிரபலமாக்கிய முறை. அதில் கணக்கு 50-இல்தான் ஆரம்பம். பாட்டில் வந்து நின்றதற்கே பாதி மார்க்! ஆனால் ஸ்கியாவா போன்ற மெலிந்த ஒயின் அங்கே மேலே ஏறுவது கஷ்டம். பாயசம் மாதிரி கெட்டியாக இல்லை என்று ரசத்துக்கு மார்க் குறைப்பது என்ன நியாயம்? ரசம் ரசமாக இருக்கிறதா என்றுதானே பார்க்க வேண்டும்?

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்த இரண்டும் நமக்குச் சம்பந்தி வீடு. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை வேறொன்றுமில்லை, மஸ்கட் ஹாம்பர்க். அதன் தாய் தகப்பன் ஸ்கியாவா கிராஸாவும், ஜிபிப்போ என்கிற மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்டிரியாவும்தான் என்று மரபணு ஆய்வு சொல்கிறது. ஸ்கியாவாவை அங்கேயும் பந்தல் போட்டுத்தான் வளர்க்கிறார்கள். ரோஜாவுக்கு மணம் தரும் ஜெரானியால் மஸ்கட் பழத்திலும் உண்டு. ‘பன்னீர்’ என்று பெயர் வைத்த நம்மாள் மூக்குக்கு 19 தாராளமாகப் போடலாம்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் வந்தது. மறுநாள் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கேட்டேன். “அது கொட்டை உள்ளதுல்லா ஐயா, சீட்லெஸ் எடுத்துக்கிடுங்க” என்றார் கடைக்கார அம்மா. அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பல் செட்டில் விதை மாட்டுகிறது என்று பத்து வருஷமாக நானும் அதை வாங்கவில்லை. எல்லாரும் சீட்லெஸ்ஸே கேட்டால் கம்பத்து விவசாயி பன்னீர்க் கொடியை எதற்கு வைத்திருப்பார்?

அரைக் கிலோ வாங்கி வந்தேன். எனக்குப் பத்துப் பழம், மிச்சம் வீட்டம்மாவுக்கு. எத்தனை மார்க் என்று கேட்டேன்.

“விதையைத் துப்பிட்டு வாரேன், இரிங்க” என்றாள்.

நான் 15 போட்டிருக்கிறேன்.