தராசை நம்பி ஓடாதீர்கள்



2023ஆம் ஆண்டு மே மாதம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குச் ‘செகாக்’ எனப்படும் உடல்தகுதித் தேர்வை நடத்திக் கொண்டிருந்தேன். நான் தமிழ்மொழி ஆசிரியை. ஆயினும், சிறிய தமிழ்ப்பள்ளிகளில் யார் எந்தப் பாடத்தைக் கற்பிப்பது என்பதைக் கால அட்டவணைதான் தீர்மானிக்கும். அவ்வாண்டு உடற்கல்வி என் தலையில் விழுந்தது. 2008ஆம் ஆண்டில் நம் பள்ளிகளுக்கு வந்த இத்தேர்வில், பலகையில் ஏறி இறங்குவது, தண்டால் எடுப்பது முதலியவற்றோடு மாணவர்களின் உயரத்தையும் எடையையும் அளந்து பி.எம்.ஐ. எண்ணைக் கணக்கிட்டுப் பதிவுசெய்ய வேண்டும்.

பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, தராசு காட்டிய எண்ணை உரக்கப் படித்தேன். ஒரு மாணவி எழுதிக் கொண்டாள். சற்றுப் பருமனான ஒரு மாணவனின் எடையைப் படித்ததும் வகுப்பே சிரித்தது. அவன் அழவில்லை. கீழே இறங்கி, “டீச்சர், நீங்களும் ஏறுங்க” என்றான்.

ஏறினேன். 72 கிலோ. என் உயரம் 158 செண்டிமீட்டர். எடையை உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்தால் 28.8 வருகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, ஆசியர்களுக்கு 23ஐயும் 27.5ஐயும் கவனிக்க வேண்டிய எல்லைகளாக 2004இல் சுட்டிக்காட்டியது. அதே பி.எம்.ஐ. கொண்ட மேலைநாட்டவரைவிட நம் உடலில் கொழுப்பு மிகுந்திருக்கிறது என்பதே காரணம். ஆக, அன்று வகுப்பில் உடற்பருமன் உடையவர்களின் பட்டியலில் நானும் இருந்தேன். சிரிப்பதற்குத்தான் யாருக்கும் துணிவில்லை.

அன்றிரவே, நவம்பரில் நடைபெறவிருந்த 10 கிலோமீட்டர் ஓட்டப்பந்தயம் ஒன்றுக்குப் பெயர் பதிந்துவிட்டேன். நாற்பத்தைந்து வயதில் முதல் ஓட்டப்பந்தயம்! ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் குறுக்கோட்டம் கட்டாயமாக இருந்தது உண்மைதான். ஆனால், நானும் என் தோழியும் ஒரு மளிகைக்கடைக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, கூட்டம் திரும்பி வரும்போது அதனோடு கலந்துகொண்டோம். அதை ஓட்டக் கணக்கில் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை.

என் திட்டம் எளியது. ஓட வேண்டும், உண்பதைப் பாதியாகக் குறைக்க வேண்டும், நவம்பருக்குள் கொழுப்பு கரைந்துவிடும். இத்திட்டம் தவறானது என்று சொல்லவே இதை எழுதுகிறேன். ஏனெனில், என் சக ஆசிரியைகள் பலர் இன்று இதே திட்டத்தோடு காலணி வாங்கக் கிளம்பியிருக்கிறார்கள்.

முதல் ஆறு வாரங்கள் தைப்பிங் ஏரிப்பூங்காவில் வாரம் நான்கு நாள் ஓடினேன். ஈயச் சுரங்கம் தோண்டிய நிலத்தில் 1880இல் உருவான அழகிய பூங்கா அது. சாலையைத் தாண்டி ஏரிநீரைத் தொடுமளவுக்குக் கிளை தாழ்ந்த தூங்குமூஞ்சி மரங்களைப் பார்த்தபடியே ஓடலாம். நானோ கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தேன். காலையில் பச்சைத் தேநீர் மட்டும், நண்பகலில் ஒரு கைப்பிடிச் சோறு, இரவில் கஞ்சி. தராசு 68 காட்டியது. நான்கு கிலோ குறைந்துவிட்டது என்று ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொல்லிக் கொண்டேன்.

அந்த நான்கு கிலோவும் கொழுப்பன்று என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். சோற்றைத் திடீரெனக் குறைத்தால், தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையை உடல் செலவழிக்கிறது. அச்சர்க்கரை ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். சர்க்கரை போனால் நீரும் போய்விடும். போதிய புரதம் உண்ணாவிட்டால் தசையும் கரையும். தராசுக்கு நீர், தசை, கொழுப்பு என்ற வேறுபாடெல்லாம் தெரியாது. கொழுப்பு விழுக்காட்டைக் காட்டும் மின்தராசு ஒன்றையும் வாங்கினேன். காலையில் 38 என்றது. மாலையில் 35 என்றது. பாதத்தின் வழி சிறு மின்னோட்டத்தைச் செலுத்திக் கணக்கிடும் கருவி அது. உடலில் நீரின் அளவு மாறினால் அதன் விடையும் மாறும். ஒரே நாளில் மூன்று விழுக்காடு கரைந்துவிட்டதாக நம்பிய பேதை நான்!

ஏழாவது வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கத் தொடங்கியது. படியேறினால் மூச்சு வாங்கியது. அதைவிட மோசம், வகுப்பில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். ஒற்றெழுத்தை விட்டதற்காக ஒரு சிறுமியின் கட்டுரையைக் கிழித்தேன். இருபது ஆண்டு ஆசிரியப் பணியில் நான் செய்யாத செயல் அது. அடுத்த திங்கட்கிழமைச் சபைக்கூடலில் கண் இருண்டு உட்கார்ந்துவிட்டேன். மருந்தகத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 10.4. பெண்களுக்கு 12க்குக் குறைந்தால் இரத்தச்சோகை. “காலையில என்ன சாப்பிட்டீங்க டீச்சர்?” என்று மருத்துவர் கேட்டார். பச்சைத் தேநீர் என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

மாத்திரையோடு இரண்டு வாரம் வீட்டில் ஓய்ந்திருந்தபோதுதான், ஐந்தாம் ஆண்டுப் பிரச்சனைக் கணக்குப்போல இதையும் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி உள்ளது. ஓடும்போது, ஒரு கிலோமீட்டருக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. எனக்கு 72. அப்படியானால், ஓடி மட்டுமே ஒரு கிலோ கொழுப்பைக் கரைக்க நான் 107 கிலோமீட்டர் ஓட வேண்டும். தைப்பிங்கிலிருந்து ஈப்போவையும் தாண்டிவிடலாம்! ஒரு ரொட்டி சானாயில் ஏறத்தாழ 300 கலோரி. நான் மூச்சிரைக்க ஓடிய ஐந்து கிலோமீட்டருக்கு 360. ஓட்டம் முடிந்து கடையில் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் கணக்கு சரியாகிவிடும்.

ஆகவே, கொழுப்பு குறைவது பெரும்பாலும் தட்டிலும் குவளையிலும்தான். ஓட்டம் இதயத்துக்கும் தசைக்கும் மனத்துக்கும் உரியது. ஒன்றின் வேலையை மற்றதிடம் கொடுத்தால் இரண்டுமே கெடும். கொழுப்பைக் குறைக்க உடலுக்குச் சற்றுக் குறைவாகக் கொடுக்க வேண்டும். புதிதாக ஓடப் பழகும் எலும்புக்கும் தசைக்கும் போதுமான அளவு கொடுக்க வேண்டும். இரண்டையும் சிறிதளவு சேர்த்துச் செய்ய இயலும். இரண்டையும் ஒருசேர முழுமூச்சில் செய்வது அறியாமை.

அதன்பின் என் பட்டினியைக் கைவிட்டேன். நாளொன்றுக்கு மூன்று குவளை தே தாரிக் குடித்து வந்தவள் நான். அதில் ஊற்றும் கெட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். அதை விட்டு, சீனி போடாத தே ஓ கோசோங்குக்கு மாறினேன். அதையும் உணவோடு குடிப்பதில்லை, இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேநீர் தடுக்கும். ஓடும் நாள்களில் சோற்றைக் குறைக்கவில்லை. முட்டை, பருப்பு, தெம்பே, கெம்போங் மீன் ஆகியவற்றைக் கூட்டிக் கொண்டேன். ஓட்டமும் வாரம் மூன்று நாள்தான். ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடை. பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகம். பந்தயத்துக்கு முந்திய மூன்று வாரங்களில் எடையைக் குறைக்கும் எண்ணத்தையே ஒதுக்கி வைத்தேன்.

இதில் மிகக் கடினமானது ஓட்டமன்று, ஆசிரியர் அறை. பிறந்தநாள், பிரியாவிடை, பட்டறை என்று ஏதேனும் ஒரு பெயரில் கறிபாப்பும் நாசி லெமாக்கும் மேசைக்கு வந்துவிடும். வேண்டாம் என்றால், “என்ன டீச்சர், ஒரு தட்டுதானே!” என்பார்கள். மறுப்பது மரியாதைக் குறைவு என்றே நம்மவர் கருதுகிறோம். சுகாதார அமைச்சின் 2023 தேசிய ஆய்வின்படி, வயதுவந்த மலேசியர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உடையவர்கள். 2019 ஆய்வில் அவ்விழுக்காடு மற்ற இனத்தாரைவிட இந்தியரிடையே உயர்ந்திருந்தது. இதற்கு அந்த ஒரு தட்டும் ஒரு காரணம் என்பேன். கோபித்துக் கொள்வோர் கோபித்துக் கொள்ளட்டும்.

நவம்பரில் 10 கிலோமீட்டரை ஒரு மணி 27 நிமிடத்தில் முடித்தேன். எடை 67, இடுப்பளவு 94இலிருந்து 87 செண்டிமீட்டருக்கு வந்திருந்தது. ஆசியப் பெண்களுக்குச் சொல்லப்படும் எல்லை 80. இன்னும் ஏழு செண்டிமீட்டர் பாக்கி!

2024 சனவரியில் அதே வகுப்புக்கு இரண்டாம் முறை அளந்தோம். இம்முறை தராசை நூலகத்தின் அலமாரிக்குப் பின்னால் வைத்து, ஒவ்வொருவராக அழைத்து, எண்ணை நானே எழுதிக் கொண்டேன். நேரம் அதிகமாகிறது என்று குறைபட்டார்கள். ஆகட்டும். எடையை உரக்கப் படிப்பதால் எந்தப் பிள்ளைக்கும் ஒரு கிராம்கூடக் குறையப் போவதில்லை. அவமானப்பட்ட பிள்ளை என்னைப்போல் பட்டினி கிடக்கும். அல்லது ஓட்டத்தை வெறுக்கும்.

அந்த மாணவன் தராசிலிருந்து இறங்கியதும் தன் எண்ணைக் கேட்கவில்லை. என் மேசைமேல் இருந்த பதக்கத்தைத் தொட்டுப் பார்த்து, “இடையில நடக்கலாமா டீச்சர்?” என்றான்.

“நான் மூன்று இடத்தில் நடந்தேன்” என்றேன்.