மண்சரிவுக்கு எதற்கு 1947ஆம் ஆண்டுச் சட்டம்?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்து லயங்களை மூடின. நவம்பர் 28ஆம் திகதியிட்ட வர்த்தமானியில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தார். பாதை அறுந்து, மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல் மக்கள் தவித்த நேரத்தில் அதைக் குறைசொல்ல எவருக்கும் மனம் வந்திராது. அரசு வேகமாக இயங்க வேண்டிய நேரம்தான் அது. ஆனால் எந்தச் சட்டத்தின் கீழ் இயங்கியது என்பதை மலையக மக்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

அரசின் கையில் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, சுனாமிக்குப் பிறகு நிறைவேற்றப்பட்ட 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம். அனர்த்த நிலையைப் பிரகடனம் செய்ய ஜனாதிபதிக்கு அது அதிகாரம் தருகிறது. அது அமைத்த தேசிய பேரவையில் எதிர்க்கட்சித் தலைவருக்கும் இடம் உண்டு. மற்றது, 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். அரசு எடுத்தது இரண்டாவதை.

அந்தச் சட்டம் வெள்ளத்துக்கோ மண்சரிவுக்கோ எழுதப்பட்டதல்ல. 1947 ஜூன் மாதம் நாடெங்கும் வேலைநிறுத்தம். ஜூன் 5ஆம் திகதி கொழும்பில் ஊர்வலம் போன தொழிலாளர்கள் மீது பொலிஸார் சுட்டதில் கந்தசாமி என்ற அரசாங்க எழுதுவினைஞர் இறந்தார். அந்த மாதமே அவசர அவசரமாகக் கொண்டுவரப்பட்டது இந்தக் கட்டளைச் சட்டம். தொழிலாளியை அடக்குவதற்கென்றே வெள்ளைக்காரன் எழுதியதைச் சுதந்திர இலங்கை அப்படியே எடுத்துக்கொண்டது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 155ஆம் உறுப்புரை அதற்கு இன்னும் உறுதியான இடத்தைக் கொடுத்தது. அதன் கீழ் ஆக்கப்படும் ஒழுங்குவிதிகள் அரசியலமைப்பைத் தவிர வேறெந்தச் சட்டத்தையும் மீறிச் செல்லலாம். அரசியலமைப்பில் உள்ள அடிப்படை உரிமைகளில் பலவற்றையும் 15ஆம் உறுப்புரையின் வழியாக மட்டுப்படுத்தலாம்.

இந்த அதிகாரம் மலையகத்தில் எப்படி இறங்கியது என்பதை வீட்டுக்கு வீடு அறிவார்கள். 1983 முதல் 2011 வரை, சில இடைவெளிகள் தவிர, நாடு அவசரகாலத்திலேயே இருந்தது. தோட்டத்தை விட்டுக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன பிள்ளைகளில் பலரிடம் அடையாள அட்டை இல்லை. பிறப்புச் சான்றிதழே இல்லாதபோது அடையாள அட்டைக்கு எங்கே போவது? சோதனைச் சாவடியில் நின்றவருக்கு அந்த வெறுங்கை போதும், சந்தேக நபர் ஆக்க. 2000 ஒக்டோபர் 25 காலையில், பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் அரசின் காவலில் இருந்த தமிழ் இளைஞர்களை ஒரு கும்பல் வெட்டியும் எரித்தும் கொன்றது. குறைந்தது 26 பேர். பொலிஸார் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். 2005இல் வழக்கில் எஞ்சியிருந்தவர்களையும் உயர் நீதிமன்றம் விடுவித்தது. பிடித்து வைக்க அத்தனை அதிகாரம் பெற்றிருந்த அரசு, பிடித்து வைத்தவர்களின் உயிருக்குப் பொறுப்பேற்கவில்லை.

2020 மார்ச் 20இல் கொரோனா ஊரடங்கு வந்தது. அந்த ஊரடங்குக்கு முறையான சட்ட அடிப்படை உண்டா என்று சட்டத்தரணிகள் கேட்டார்கள். மீறியதாகச் சொல்லி 60,000க்கும் மேற்பட்டோரைப் பொலிஸார் கைது செய்தார்கள். ஆனால் தோட்டங்கள் இயங்கலாம் என்று அரசு அறிவித்தது. அட்டன் நகரத்தில் கதவு சாத்தியிருக்க, மலையில் பிரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் பதிந்துகொண்டிருந்தது. கொழுந்து மடுவத்தில் நிறுவை குறைந்தால் அரைநாள் சம்பளம்தான். நகரத்தவருக்கு வெளியே போவது குற்றம், கொழுந்து பறிப்பவளுக்கு வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் இல்லை. நாட்டுக்கு அந்நியச் செலாவணி வேண்டும், உண்மைதான். அந்தத் தேவைக்காக ஆபத்தைச் சுமந்தவர்களுக்கு என்ன பாதுகாப்பு, என்ன ஈடு என்று எந்த வர்த்தமானியும் சொல்லவில்லை.

இந்தப் பாகுபாட்டின் வேர் 1948இல் இருக்கிறது. மலையக மக்களின் பிரஜாவுரிமையைப் பறிக்க அன்றைய அரசு அவசரகால நிலையைப் பிரகடனம் செய்யவில்லை. சாதாரணச் சட்டமே போதுமாயிருந்தது. முதல் பாராளுமன்றத்துக்கு இலங்கை இந்தியர் காங்கிரஸ் சார்பில் 7 பேரை அனுப்பியிருந்த மக்கள், 1949ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தத்துடன் வாக்காளர் பட்டியலில் இருந்தும் போனார்கள். சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு காப்பாற்றும் என்று நம்பி கோடாக்கன்பிள்ளை வழக்கு பிரிவி கவுன்சில் வரை போய், 1953இல் தோற்றது.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பும் பேச்சு, ஒன்றுகூடல், தொழிற்சங்கம், நடமாட்டம் ஆகிய உரிமைகளைப் பிரஜைகளுக்கு மட்டுமே கொடுத்தது. நாடற்றவர்களாக இருந்த நம் மக்களுக்கு 14ஆம் உறுப்புரையின் இரண்டாம் பந்தியில் ஒரு சலுகை: 10 ஆண்டுகளுக்கு மட்டும் அந்த உரிமைகள். பிறந்த மண்ணில் பேசவும் சங்கம் சேரவும் தவணை போட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தவணை 1988இல் முடிந்தது. எஞ்சிய நாடற்றவர் பிரச்சினைக்கு முடிவு கட்டும் சட்டம் 2003இல்தான் வந்தது.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. 2022 ஜூலையில் பதில் ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க செய்த அவசரகாலப் பிரகடனம் அடிப்படை உரிமைகளை மீறியது என்று 2025 ஜூலை 23இல் உயர் நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஜனாதிபதியின் பிரகடனத்தையும் நீதிமன்றம் ஆராயும் என்பது பெரிய விஷயம். ஆனால் தீர்ப்புக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் கொழும்பில் தாக்கல் செய்ய வேண்டும். மஸ்கெலியாவில் நாட்கூலிக்கு வேலை செய்பவருக்கு அது எட்டுமா? அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. இதையாவது தொழிற்சங்கங்கள் தோட்டம் தோட்டமாகச் சொல்லிக்கொடுக்கலாம்.

டித்வாவுக்கு வருவோம். அனர்த்த நிவாரண வேலைகள் நடந்துகொண்டிருக்கும்போதே, ஜனாதிபதி மீது சமூக ஊடகங்களில் அவதூறு பரப்புவோர் மீது அவசரகாலச் சட்டத்தைப் பாவிக்கலாம் என்று பொதுமக்கள் பாதுகாப்புப் பிரதி அமைச்சர் பொலிஸாரிடம் சொன்னார். மண்ணுக்குள் உடல்களைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில் முகநூல் பதிவுகள் ஆட்சியாளர்களின் கவலையாயின. இந்தச் சட்டத்தைக் கையிலெடுத்தால் வேறென்ன நடக்கும்?

தோட்ட மக்களுக்கு அன்று தேவைப்பட்டது காணி. சரியாத இடத்தில், தன் பெயரில், உறுதியோடு ஒரு துண்டு நிலம். 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள்: அவசரகாலத்தில் அரசு எந்தச் சொத்தையும் சுவீகரிக்கலாம், காணியைத் தவிர. நமக்கு வேண்டிய ஒன்றே அதில் இல்லை. அது பெரிய தடையும் அல்ல. பெருந்தோட்டக் காணிகளில் பெரும்பகுதி அரசுடையது, கம்பனிகளுக்கு 53 ஆண்டுக் குத்தகையில் இருப்பது. அரசு தன் காணியைத் தன் பிரஜைக்குக் கொடுக்க அவசரகாலம் எதற்கு?

2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பலம் போதாது என்று அரசு சொல்லக்கூடும். அப்படியானால் திருத்துங்கள். 159 ஆசனங்கள் கையில் இருக்கின்றன. அனர்த்தத்தில் வீடிழந்த தோட்டக் குடும்பத்துக்குப் பாதுகாப்பான காணி உறுதியுடன் கிடைக்க வேண்டும் என்பதையும் அதில் கடமையாக எழுதுங்கள். பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தை நீக்குங்கள்.

அதுவரை, மலையகத்திலிருந்து போன பாராளுமன்ற உறுப்பினர்கள், ஆளுங்கட்சியானாலும் எதிர்க்கட்சியானாலும், அடுத்த அவசரகாலப் பிரகடனம் சபைக்கு வரும்போது இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். அனர்த்தச் சட்டம் ஏன் போதாது? இந்த ஒழுங்குவிதிகளில் எது எங்கள் மக்களுக்கு நிவாரணம் தருகிறது? திருப்தியான பதில் கிடைக்காவிட்டால், எதிர்த்து வாக்களிக்க வேண்டும்.