பக்கவாதமும் நள்ளிரவும்

பக்கவாதம் கண்டவரைக் கட்டிலில் கிடத்தி, கைகால்களில் எண்ணெய் தேய்த்து, பேச்சு மீளட்டும் எனக் காத்திருக்கும் வீடுகள் நம் காரைக்கால் வட்டாரத்தில் இன்றும் உண்டு. அவர்களைக் குறை கூற நாம் முற்படவில்லை. ஒரு காலத்தில் மருத்துவமனையும் அதற்குமேல் அதிகம் செய்ய இயலாதிருந்தது. 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று அந்நிலையை மாற்றியது. மூளையின் குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை மூன்று மணி நேரத்திற்குள் செலுத்தினால், ஊனமின்றி மீள்வோர் தொகை கூடும் என்று அது காட்டியது. 2008இல் ஐரோப்பிய ஆய்வு அவ்வரம்பை நான்கரை மணியாக நீட்டியது. குழாய் அடைத்ததா, வெடித்ததா என்பதை ஸ்கேன் எடுத்துத் தெளிந்த பின்னரே அம்மருந்தைத் தரலாம். வெடித்தவருக்கு அது நஞ்சாகும்.

ஆட்சித் தலைநகரான புதுச்சேரியோ நமக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவு. அங்குள்ள 'பெரிய டாக்டரை'த் தேடிக் கார் பிடிப்பவர், அந்நான்கரை மணியின் பெரும்பகுதியைச் சாலையிலேயே செலவிட்டுவிடுகிறார். பெரிய டாக்டர்மீது நமக்குள்ள இம்மயக்கத்தைத்தான் நாம் ஐயுறுகிறோம்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. காய்ச்சல், இரத்தச் சர்க்கரை, விழுங்கும் திறன் ஆகிய மூன்றையும் செவிலியர் விதிப்படி கவனித்த பிரிவுகளில், 90 நாள் கழித்து இறப்பும் பிறரைச் சார்ந்திருக்கும் நிலையும் குறைந்திருந்தன. புதிய மருந்தில்லை, புதிய கருவியுமில்லை. விழுங்க முடியாதவர் வாயில் பாசத்தோடு ஊற்றும் ஒரு மடக்குத் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

லூதியானா கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் பேராசிரியர் ஜெயராஜ் பாண்டியன் 2024இல் உலகப் பக்கவாத அமைப்பின் தலைவரானார். நோயாளியின் குடும்பத்தாருக்கே பயிற்சியளித்து வீட்டில் மறுவாழ்வு தரலாம் என்ற நம்பிக்கையை, இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வை முன்னின்று நடத்தியோருள் அவர் ஒருவர். கூடுதல் பயனில்லை என்ற முடிவு 2017இல் மறைக்கப்படாமல் வெளியானது. அந்நேர்மையை நாம் பதவியினும் மேலாக மதிக்கிறோம். தன் வேலையைத் தானே அளந்து பார்க்கும் மருத்துவமனையில்தான் நேற்றைய தவறு நாளை திரும்பாது.

காரைக்காலில் ஜிப்மரின் கிளை மருத்துவக் கல்லூரி 2016 முதல் இயங்குகிறது. இவ்வழக்கத்தை இளம் மருத்துவர்க்குப் பழக்க அதனினும் ஏற்ற இடம் ஏது? நம் பகுதி மருத்துவமனைகள் ஒவ்வொன்றிடமும் ஊர்ப் பெரியவர்கள் கேட்க வேண்டியவை இரண்டே: ஞாயிறு நள்ளிரவில் வந்த நோயாளிக்கு எத்தனை நிமிடத்தில் ஸ்கேன் எடுத்தீர்கள்? விழுங்கும் திறனைச் சோதித்தவர் யார்?