சலுகை வேண்டாம், வழி விடுங்கள்
தெலுக் பங்லிமா காராங் சிறுவணிகர்களின் கொள்கைப் பிரகடனம்

நாங்கள் கடைக்காரர்கள். சாப்பாட்டுக் கடை, மளிகை, முடிதிருத்தகம், டயர் கடை, பூக்கடை, ஒன்றிரண்டு லாரி என்று தெலுக் பங்லிமா காராங்கிலும் பக்கத்துச் சிஜங்காங், ஜெஞ்சாரோமிலும் பிழைப்பவர்கள். எங்களில் பலருடைய பெற்றோர் கேரித் தீவிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் பால் வெட்டியவர்கள், செம்பனைக் குலை சுமந்தவர்கள். கூலியாக இருந்த குடும்பம் ஒரு தலைமுறையில் கல்லாவுக்கு வந்திருக்கிறது. அடுத்த தலைமுறை அங்கிருந்து இறங்கிவிடக் கூடாது என்பதுதான் எங்கள் கவலை.

அடுத்த சிலாங்கூர் சட்டமன்றத் தேர்தலில் எங்களில் ஒருவரை நிறுத்துகிறோம். அவர் வழக்கறிஞர் அல்லர், கட்சிப் பிரமுகர் அல்லர். காலையில் ஷட்டரைத் தூக்கி, மாதக் கடைசியில் சம்பளம் எண்ணிக் கொடுப்பவர். பழமைவாதி என்று அவரைச் சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். வாக்குக் கேட்கும் முன், நாங்கள் எதற்காக நிற்கிறோம் என்பதை எழுத்தில் வைக்கிறோம்.

1. ஏன் சட்டமன்றம்?

வருமான வரி, விற்பனை சேவை வரி, இ-இன்வாய்ஸ், குறைந்தபட்சச் சம்பளம், வெளிநாட்டுத் தொழிலாளர் பெர்மிட் எல்லாம் புத்ராஜெயாவில் உள்ள கூட்டரசின் கையில். இவற்றை மாற்றிக் காட்டுவேன் என்று எங்கள் வேட்பாளரே மேடையில் முழங்கினாலும் நம்பாதீர்கள். ஆனால் நிலமும் ஊராட்சியும் அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணைப்படி மாநிலத்தின் பொறுப்பு. கடைக்காரனை அன்றாடம் தொடும் இரண்டு காகிதங்கள் லைசென்சும் நிலப் பட்டாவும். இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டிய இடம் ஷா ஆலம். அங்குள்ள சட்டமன்றத்தின் 56 இருக்கைகளில் ஒன்றில் சொந்தக் கடை நடத்தியவர் உட்கார வேண்டும்.

2. லைசென்சுக்குக் காலக்கெடு

வாழையிலைச் சாப்பாட்டுக் கடை திறக்க நினைக்கும் ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். நகராண்மைக் கழக லைசென்ஸ் வேண்டும். தீயணைப்புத் துறை ஒப்புதல் வேண்டும். பெயர்ப்பலகையில் உள்ள மலாய் வாசகத்துக்கு மொழி நிறுவனமான டேவான் பஹாசாவின் ஒப்புதல் வேண்டும். சமைப்பவர், பரிமாறுபவர் எல்லாருக்கும் டைபாய்டு ஊசி, உணவு கையாளும் பயிற்சிச் சான்றிதழ். இவற்றில் எதையும் நாங்கள் எதிர்க்கவில்லை. சாப்பிடுகிறவன் உயிர் முக்கியம். ஆனால் சாவி வாங்கிய நாளிலேயே வாடகை ஓடத் தொடங்கிவிடுகிறது. லைசென்ஸ் எப்போது வரும் என்று முகப்பில் கேட்டால் "கோப்பு மேலே போயிருக்கிறது" என்பார்கள். மேலே என்றால் எங்கே, எத்தனை நாள்?

மாநில அரசு இந்தியத் தொழில்முனைவோருக்கு ஐ-சீட் திட்டத்தில் கருவிகள் தருகிறது. நன்றி. ஆனால் லைசென்ஸ் வராத கடையில் மாவரைக்கும் இயந்திரத்தை வைத்து என்ன செய்வது? எங்கள் கோரிக்கை செலவில்லாதது: விண்ணப்பம் பெற்ற நாளிலேயே முடிவு தேதி எழுதித் தரப்பட வேண்டும், மறுத்தால் காரணம் எழுத்தில் வர வேண்டும், கட்டணம் உயர்வதானால் ஓராண்டு முன்பே அறிவிக்கப்பட வேண்டும்.

3. நகராண்மைக் கழகத்துக்கு வெளிச்சம்

எங்கள் கட்டணத்தை முடிவு செய்யும் உறுப்பினர்களை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி ஒவ்வொரு மன்றத்துக்கும் 8 முதல் 24 பேர் வரை மாநில அரசே நியமிக்கிறது. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் தேர்தல் திரும்ப வேண்டும் என்று அறுபதுகளிலேயே பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை அப்படியே கிடக்கிறது. தேர்தலைத் தனியாகக் கொண்டுவரப் பினாங்கு மாநிலம் முயன்றபோது 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே நடக்காததை வாக்குறுதியாகத் தர மாட்டோம். மாநிலத்தால் முடிந்தது இது: நியமிக்கப்பட இருப்பவர் பெயர்களை முன்கூட்டியே வெளியிடுவது, வட்டாரக் கருத்தைக் கேட்பது, கடைக்காரர்களுக்கும் இடம் தருவது. கட்சிக்குக் கொடி பிடித்த ஒன்றே தகுதியாகிவிடக் கூடாது.

4. நிலத்துக்கு நிச்சயம்

அரசு நிலத்தைப் பயன்படுத்தத் தரப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம், அதாவது டி.ஓ.எல்., அந்தந்த ஆண்டோடு முடிகிறது. டிசம்பர் வந்தால் மறுபடி நில அலுவலகம். அந்தக் காகிதத்தை நம்பி எந்த வங்கி கடன் கொடுக்கும்? யார் நல்ல கூரை போடுவார்கள்? வங்கிக் கதவு மூடினால் திறந்திருப்பது ஆலோங் எனும் கந்துவட்டிக்காரனின் கதவு. நெடுங்காலமாக ஒழுங்காகக் கட்டணம் கட்டி வருபவருக்குக் குத்தகையோ பட்டாவோ தரத் தெளிவான விதி வேண்டும். சொத்துள்ளவனுக்குத்தான் ஊர்மேல் பொறுப்பு வரும் என்பது எங்கள் உறுதியான நம்பிக்கை.

5. சட்டம் எல்லார்க்கும் ஒன்றே

சீனா 2018-இல் பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியதும் அந்தக் குப்பை நம் கோல லங்காட் மாவட்டத்துக்குத் திரும்பியது. லைசென்ஸ் இல்லாத ஆலைகள் முளைத்தன. இரவில் எரித்த புகையை ஜெஞ்சாரோம் மக்கள் சுவாசித்தார்கள். பெயர்ப்பலகை இரண்டு அங்குலம் தள்ளி இருந்தால் எங்களுக்குச் சம்மன் வருகிறது. ஒரு முழு ஆலை மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போனது? ஒழுங்காக வரி கட்டுபவன் இளிச்சவாயனாகும் ஊரில் வணிகம் தழைக்காது. சின்ன விதிகள் குறையட்டும். இருக்கும் விதிகள் பெரியவன் மேலும் பாயட்டும்.

6. எங்கள் கடமைகள்

உரிமை கேட்பவன் கணக்கும் காட்ட வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்; அதை முனகாமல் கொடுப்போம். தொழிலாளர்களுக்கான இ.பி.எஃப்., சொக்சோ சந்தாவில் பாக்கி வைத்திருப்பவர் இந்த இயக்கத்தில் பொறுப்பு வகிக்க முடியாது. முடிதிருத்தும் கடைக்கும் பொற்கொல்லருக்கும் துணிக்கடைக்கும் வெளிநாட்டு ஆள் எடுப்பது 2009 முதல் முடங்கிக் கிடந்தது. 2023-இல் 7,500 பேருக்கு அனுமதி அறிவிக்கப்பட்டது. நல்லது. ஆனால் எத்தனை காலத்துக்கு ஆள் கேட்டுக்கொண்டே இருப்பது? ஒவ்வொரு உறுப்பினர் கடையும் உள்ளூர்ப் பிள்ளை ஒருவருக்காவது சம்பளத்தோடு தொழில் பழக்க வேண்டும்.

துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டதால் தெருவுக்கு வர இருந்த தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிய பாடம் கிடையாது. சேமிப்பு, கட்டுக்கோப்பான குடும்பம், கோவில், தமிழ்ப்பள்ளி ஆகியவை அரசாங்கம் கொடுத்தவை அல்ல. பாட்டன் பாட்டி கட்டியவை. காப்பாற்றும் பொறுப்பும் நம்முடையது. பள்ளிக்கும் கோவிலுக்கும் அருகே மலிவு மது விற்பதை எங்கள் உறுப்பினர் எவரும் செய்யக் கூடாது.

7. இது யாருக்கு?

எழுதியவர்கள் தமிழர்கள். கோரிக்கைகளோ சாலையோர நாசி லெமாக் அக்காவுக்கும் சீனர் இரும்புக்கடைக்கும் அப்படியே பொருந்தும். லைசென்ஸ் தாமதத்துக்கு இனம் தெரியாது. தமிழர் வாக்கை மட்டும் எண்ணி இங்கே யாரும் வெல்லவும் முடியாது.

8. வேட்பாளருக்கு நாங்கள் போடும் கட்டு

வைப்புத்தொகை 5,000 ரிங்கிட்டை உறுப்பினர் சந்தாவிலிருந்து கட்டுவோம். தேர்தல் செலவுக்குச் சட்டம் 100,000 ரிங்கிட் வரை அனுமதிக்கிறது. செலவான ஒவ்வொரு ரிங்கிட்டும் கடை வாசலில் ஒட்டப்படும். வென்றால் அவர் கடையோ குடும்பமோ நகராண்மைக் கழகக் குத்தகை எதையும் எடுக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊர்க்கூட்டத்தில் நின்று, எத்தனை லைசென்ஸ் கோப்புகள் தேங்கியிருக்கின்றன, எதற்காக என்று சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் அடுத்த முறை அவரை எதிர்த்து நிற்கப்போவதும் இதே இயக்கம்தான்.

ஏற்பவர்கள் சந்தாவோடு வந்து கையெழுத்திடுங்கள். ஏற்காதவர்களும் வாருங்கள், எந்த வரி தவறு என்று நேரில் சொல்லுங்கள். கடை திறந்தே இருக்கிறது.