ஒற்றைக் கெபாசிட்டர் என்னும் புனிதம்

வீட்டில் நல்ல முறையில் இசை கேட்க விரும்பும் நண்பர்களிடையே ஒரு கருத்து வேதவாக்கைப்போல உலவிவருகிறது. ஹார்ன் ஒலிபெருக்கியின் கிராஸ்ஓவரில் பாகங்கள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவு இசை தூய்மையாகும் என்கிறார்கள். காயில், மின்தடை, பாதுகாப்புச் சுற்று எல்லாம் இசைக்கும் செவிக்கும் நடுவே தொங்கும் திரைகளாம். உயர்தரமான ஒரே ஒரு கெபாசிட்டரை ஹார்னுக்கு முன்னால் வைத்தால் போதும், மற்றவை பொறியாளர்களின் வீண் அச்சம் என்பது அவர்கள் தரப்பு. இதைச் சொல்பவர்களில் பலர் நுட்பமான ரசனை உடையவர்கள் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் இக்கருத்து பிழையானது. மீண்டும் கிடைக்காத பொருட்களை அழித்துக்கொண்டிருக்கும் பிழை. அதனால்தான் இதை எழுத நேர்ந்தது.

முதலில் எங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். நாங்கள் மூவர் சேர்ந்து ஒரு ஜோடி பழைய அமெரிக்க ஹார்ன் ஒலிபெருக்கிகளை வாங்கினோம். அதன் கிராஸ்ஓவரைப் பார்த்த ஒலி வல்லுநர் ஒருவர், உள்ளிருந்தவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு ஒற்றைக் கெபாசிட்டரை வைத்துத் தந்தார். நாங்களும் மகிழ்ந்தோம். ஒலி முன்னைவிடத் திறந்து கேட்டது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். சில மாதங்கள் கழித்து, ஓர் இரவு நாகஸ்வரக் கச்சேரிப் பதிவொன்றில் தவில் தனி ஓடிக்கொண்டிருந்தபோது, இடப்பக்க ஹார்னிலிருந்து காகிதம் கிழிவதுபோல ஒரு சத்தம் வந்தது. பிரித்துப் பார்த்தபோது டிரைவரின் உலோகச் சவ்வு விளிம்பில் விரிசல் விட்டிருந்தது. அந்த மாதிரியைச் செய்வதை நிறுத்திப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. மாற்றுச் சவ்வு கிடைத்தது. ஆனால் இரண்டு பக்கமும் இன்றுவரை ஒன்றுபோல ஒலிக்கவில்லை.

இது விபத்தல்ல, கணக்கின் தவிர்க்க முடியாத விளைவு. அதை விளக்குவதற்கு ஹார்ன் டிரைவர் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சிறிது பார்க்க வேண்டும்.

கோயில் திருவிழாக்களின் குழாய் ஸ்பீக்கரை அறியாதவர் நம்மில் இல்லை. வீட்டு ஹார்னும் தத்துவத்தில் அதுவே. 1920களில் பெல் ஆய்வகத்தில் வென்டியும் தூராஸும் பேசும் படத்துக்காக உருவாக்கிய 555 என்ற டிரைவரிலிருந்து இந்த மரபு தொடங்குகிறது எனலாம். மெல்லிய உலோகச் சவ்வொன்று, அதற்கு மிக நெருக்கமாக ஃபேஸ் பிளக் என்னும் துளையிட்ட உலோகக் கட்டி, அதன் பின் விரிந்துகொண்டே போகும் குழாய். சாதாரண வீட்டு ஒலிபெருக்கி தான் பெறும் மின்சக்தியில் 1 சதவீதத்தை ஒட்டியே ஒலியாக்குகிறது; நல்ல ஹார்ன் அதைப்போலப் பல மடங்கு ஆக்கும். ஹார்னுக்குள் இருக்கும் காற்று சவ்வின் மீது அழுந்தி நிற்பதே இதற்குக் காரணம். அந்த அழுத்தம் இருப்பதால்தான் சவ்வு அசையும் தூரம் மிகச் சிறிதாக இருந்தாலும் ஒலி பெரிதாக வருகிறது.

ஆனால் ஒவ்வொரு ஹார்னுக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. அதன் நீளமும் வாயளவும் விரியும் வேகமும் அந்த எல்லையைத் தீர்மானிக்கின்றன. அதற்குக் கீழான அதிர்வெண்களில் காற்றின் பிடி விலகிவிடுகிறது. பிடி இருக்கும்வரை, ஒரே மின்னழுத்தத்தில், ஒரு ஸ்தாயி இறங்கினால் சவ்வின் அசைவு இருமடங்காகும். பிடி விலகிய பிறகு சவ்வைத் தடுத்து நிறுத்த அதன் விளிம்பின் விறைப்பு மட்டுமே எஞ்சுகிறது. அதற்கு முன்னால் இருப்பதோ ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளியும் உலோகக் கட்டியும்தான். இசையின் ஆற்றலில் பெரும்பகுதி இருப்பது இந்த ஆபத்தான கீழ்ப்பகுதியில் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி ஒற்றைக் கெபாசிட்டரின் கணக்கு. அது ஸ்தாயிக்கு 6 டெசிபல் என்ற சரிவில் வடிகட்டும். அதாவது ஒரு ஸ்தாயி இறங்கினால் மின்னழுத்தம் பாதியாகும். சவ்வின் அசைவு இருமடங்காகிறது, மின்னழுத்தம் பாதியாகிறது. ஒன்றை மற்றொன்று ஈடுகட்டுவதோடு கெபாசிட்டரின் வலிமை தீர்ந்துவிடுகிறது. பாதுகாப்பு என்று சொல்லத்தக்க மிச்சம் எதுவும் இல்லை.

இதுவும் காகிதத்தில்தான். 8 ஓம் டிரைவரை 1000 ஹெர்ட்ஸில் பிரிக்க 20 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வேண்டும். வாய்பாட்டின்படி 500 ஹெர்ட்ஸில் சுமார் 7 டெசிபல் குறைய வேண்டும். ஆனால் டிரைவர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக இருப்பதில்லை. அதன் ஒத்ததிர்வு 500 ஹெர்ட்ஸில் வருகிறது, அங்கே அதன் மின்மறுப்பு 30 ஓமாக உயர்கிறது என்று கொள்வோம். இது அரிதான நிலையல்ல. அப்போது அந்தக் கெபாசிட்டர் குறைப்பது ஏறத்தாழ 1 டெசிபல் மட்டுமே. காவலுக்கு நிறுத்திய ஆள், திருடன் வரும் வாசலில் மட்டும் தூங்கிவிடுகிறான்.

திரை என்று இகழப்படும் இரண்டு மின்தடைகள் இங்கே என்ன செய்கின்றன என்று பாருங்கள். ஹார்ன் டிரைவர் பொதுவாக வூஃபரைவிட 10 டெசிபல் அளவுக்கு உரத்து ஒலிக்கும். அதைத் தணித்தே ஆக வேண்டும். 8 ஓம் டிரைவருக்கு 10 டெசிபல் தணிக்க, தொடராக 5.5 ஓமும் டிரைவருக்கு இணையாக 3.7 ஓமும் வைப்பது பழைய முறை. இப்போது டிரைவரின் மின்மறுப்பு 30 ஓமுக்கு எகிறினாலும் கெபாசிட்டரின் கண்ணுக்குத் தெரிவது 9 ஓமுக்கும் குறைவுதான். 500 ஹெர்ட்ஸில் டிரைவரை வந்தடையும் மின்னழுத்தம் 1 டெசிபலுக்குப் பதிலாக ஏறத்தாழ 15 டெசிபல் குறைகிறது. சில ரூபாய் பெறும் இரண்டு மின்தடைகள் செய்யும் வேலை இது. எங்கள் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றி எறியப்பட்டவற்றில் இவையும் இருந்தன.

எதிர்த்தரப்பின் வலுவான வாதங்களை மறைப்பது நேர்மையாகாது. முதலாவது, 6 டெசிபல் சரிவு ஒன்றே இரு பகுதிகளின் ஒலியையும் மீண்டும் கூட்டும்போது மூல அலைவடிவத்தை அப்படியே தரும் என்பது. கணிதப்படி இது உண்மை. ஆனால் இரண்டு டிரைவர்களும் ஒரே புள்ளியிலிருந்து ஒலிக்க வேண்டும், பிரிக்கும் இடத்துக்கு இருபுறமும் பல ஸ்தாயிகளுக்குச் சீராக ஒலிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு சேர்ந்த உண்மை அது. ஹார்ன் இவ்விரண்டையும் நிறைவேற்றுவதில்லை. ஒலி 34 சென்டிமீட்டர் பின்தங்கினால் 1 மில்லிசெகண்ட் தாமதம். 1000 ஹெர்ட்ஸில் அது ஒரு முழு அலை. 1930களில் எம்ஜிஎம் படக்கூடத்தில், டக்ளஸ் ஷியரரின் ஒலித்துறையில், டாப் நடனக் காட்சியொன்றின் காலடி ஓசை இரண்டாகக் கேட்டதாம். தாழ்ந்த ஒலிக்கான ஹார்னின் பாதை நீண்டிருந்ததே காரணம். அந்தத் தாமதத்தைச் சரிசெய்யும் முயற்சியிலிருந்து ஷியரர் ஹார்ன் பிறந்தது. இல்லாத அலைவடிவத் தூய்மையைக் காப்பதற்காக இருக்கும் சவ்வைப் பலிகொடுப்பது என்ன நியாயம்?

இரண்டாவது, மரபைத் துணைக்கு அழைக்கும் வாதம். பால் கிளிப்ஷ் 1940களில் அறிமுகப்படுத்திய கிளிப்ஷ்ஹார்ன், ஹார்ன் அன்பர்களின் காசி. அதில் வந்த ஏ வகைக் கிராஸ்ஓவரில் நடு ஹார்னுக்கு 13 மைக்ரோஃபாரட், ட்வீட்டருக்கு 2 மைக்ரோஃபாரட் என்று ஆளுக்கொரு கெபாசிட்டர்தானே, கிளிப்ஷைவிட நீங்கள் அறிந்தவர்களா என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அக்காலத்து வீட்டு ஆம்ப்ளிஃபயர்கள் பெரும்பாலும் சில பத்து வாட் தாண்டாதவை என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். அந்தச் சுற்றில் ஒலியைத் தணிக்க ஆட்டோடிரான்ஸ்ஃபார்மர் இருந்தது என்பதையும் இவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆம்ப்ளிஃபயர்களின் வலிமை பெருகிய பின் அதே நிறுவனம் ஏஏ வகையைக் கொண்டுவந்தது. அதில் ட்வீட்டருக்கு இரண்டு கெபாசிட்டரும் ஒரு காயிலும் சேர்ந்து ஸ்தாயிக்கு 18 டெசிபல் சரிவு. கூடவே மின்னழுத்தம் மீறினால் வெட்டிவிட ஜீனர் டையோடுகள். ஆசானே தன் வழியைத் திருத்திக்கொண்டபின், திருத்தத்துக்கு முந்தைய பிரதியை மட்டும் வேதமாக ஓதுவது மரபுப் பற்று ஆகாது.

மூன்றாவது, வீட்டில் மெதுவாகத்தானே கேட்கிறோம், ஆபத்து எங்கிருந்து வரும் என்பது. ஹார்ன் வீட்டில் ஒரு வாட்டின் சிறு பகுதியிலேயே பாடும் என்பது சரிதான். ஆனால் டிரைவர்களைக் கொல்வது நாம் விரும்பிக் கேட்கும் இசை மட்டுமல்ல. இசைத்தட்டின் மீது தவறி விழும் ஊசி, ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கப்படும் கேபிள், ஆம்ப்ளிஃபயரைப் போடும்போது வரும் ‘டும்’ என்ற உதை ஆகியவையும்தான். சிறிய ஆம்ப்ளிஃபயர் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையும் இதைப்போன்றதே. 50 வாட் ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் முடுக்கி அலையின் தலையை வெட்டவிட்டால், அது ஏறத்தாழ இருமடங்கு சக்தியைத் தள்ளக்கூடும்.

இன்று நிலைமை இன்னும் மோசமாகியிருக்கிறது. டிஜிட்டல் கிராஸ்ஓவர்கள் மலிவாகிவிட்டதால் டிரைவரை நேரடியாக ஆம்ப்ளிஃபயரில் இணைக்கிறார்கள். 1976இல் லிங்க்விட்ஸ் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த 24 டெசிபல் சரிவை இப்போது விரல் நுனியில் அமைக்கலாம். ஒரு ஸ்தாயி கீழே அது 24 டெசிபலுக்கும் மேல் குறைக்கிறது, வரவேற்கிறோம். ஆனால் அந்த வடிகட்டி ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் நிற்கிறது. ஆம்ப்ளிஃபயரே பழுதாகி நேர்மின்சாரத்தைத் தள்ளினால் டிரைவருக்கும் அதற்கும் நடுவே எதுவும் இல்லை. 1200 ஹெர்ட்ஸில் பிரிக்கும் 8 ஓம் டிரைவருக்கு முன்னால், இரண்டு ஸ்தாயி கீழே 300 ஹெர்ட்ஸுக்குக் கணக்கிட்டு 66 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை வைத்தால் ஒலியில் ஏறத்தாழ ஒரு மாற்றமும் தெரியாது. அதையும் ‘திரை’ என்று மறுக்கிறவர்களை என்ன சொல்வது!

எல்லாப் பாதுகாப்பும் இலவசம் என்று நாங்கள் சொல்லவில்லை. மேடை ஒலிபெருக்கிகளில் ட்வீட்டருக்குத் தொடராக வைக்கப்படும் சிறு விளக்கு, சூடேறும்போது தன் மின்தடையைக் கூட்டிக் காப்பாற்றுகிறது. உரத்த இடங்களில் இசையின் ஏற்றஇறக்கத்தைச் சற்று நசுக்கவும் செய்கிறது. வீட்டுக்கு அது வேண்டாம் என்று ஒருவர் முடிவு செய்தால் எங்களுக்கு மறுப்பில்லை. பிரிக்கும் இடத்தை ஹார்னின் கீழ் எல்லைக்கு ஒரு ஸ்தாயி மேலே வைப்பது, சரிவை 12 டெசிபலுக்குக் குறையாமல், முடிந்தால் 18 அல்லது 24 ஆக வைப்பது, டிரைவரின் மெய்யான மின்மறுப்பை அளந்த பிறகே கெபாசிட்டரைக் கணக்கிடுவது, ஆம்ப்ளிஃபயரைக் கடைசியாகப் போட்டு முதலில் அணைப்பது: நாங்கள் கேட்பது இவ்வளவே. இவற்றில் எதுவும் ரசனைக்கு எதிரானதல்ல.

எளிமையை நாங்களும் மதிக்கிறோம். ஒவ்வொரு பாகமும் எதற்காக இருக்கிறது என்று அறிந்து, தேவையற்றதை நீக்கி அடையும் எளிமை ஒன்று உண்டு. எதற்காக இருக்கிறது என்று அறியாமலே பிடுங்கி எறிவது வேறு. நாங்கள் செய்தது இரண்டாவது. விரிசல் விட்ட அந்தச் சவ்வு எங்களில் ஒருவர் மேசை இழுப்பறையில் இப்போதும் இருக்கிறது. உங்கள் ஹார்னைத் திறந்து கிராஸ்ஓவரை ‘எளிமையாக்க’ ஒருவர் முன்வந்தால், கழற்றும் ஒவ்வொரு பாகமும் என்ன செய்துகொண்டிருந்தது என்று முதலில் அவரைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் ஸ்க்ரூ டிரைவரை அவர் கையிலிருந்து வாங்கிவிடுங்கள்.