தொண்டை பழகாது, தேயும்

வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களிலேயே குரல் கம்மிப்போகும் ஆசிரியையிடம் மூத்தவர்கள் சொல்வது இதுதான்: "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும் டீச்சர், போகப் போகப் பழகிடும்." அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதை நம்பி மருத்துவரிடம் போகாமல் குரலைக் கெடுத்துக்கொண்டவர்கள் பலர். இந்த நம்பிக்கையையும் இதைச் சுற்றியுள்ள மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"பேசப் பேசத் தொண்டை பழகிவிடும்."

பெண்கள் பேசும்போது குரல் நாண்கள் நொடிக்குச் சுமார் 200 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு பாடவேளையில் 15 நிமிடம் மட்டும் குரல் ஒலித்தாலே 1,80,000 மோதல்கள். கத்தினால் எண்ணிக்கையும் கூடும், மோதலின் வேகமும் கூடும். அடி அதிகம் விழுவது நாண்களின் முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தொலைவில். மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பது போல, அதே இடத்தில் இரு நாண்களிலும் எதிரெதிரே சிறு முடிச்சுகள் உண்டாகின்றன. பிறகு நாண்கள் முழுதாக மூடுவதில்லை. இடைவெளியில் காற்று கசிந்து குரல் கரகரக்கிறது. அதை ஈடுகட்ட இன்னும் அழுத்திப் பேசுகிறோம், முடிச்சு பெருக்கிறது. பழகிவிட்டது என்று நாம் நினைப்பது பெரும்பாலும் இந்தக் கரகரப்புக்கு நம் காது பழகியதைத்தான்.

"மிளகுப் பால், அதிமதுரம் போதும்."

விழுங்கும் எதுவும் குரல் நாண்களைத் தொடுவதில்லை. விழுங்கும்போது குரல்வளை மூடிக்கொள்கிறது. மூடாவிட்டால் புரையேறும். சூடான பால் தொண்டைக்கு இதம் தரும், அவ்வளவுதான். அதிமதுரத்தை நாள்தோறும் அதிகமாகச் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் கூடலாம். நாண்களுக்கு உதவுவது, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும் தண்ணீர். அது உடலில் சேர்ந்த பிறகே அவற்றின் மேலுள்ள ஈரப்படலத்தைக் காக்கிறது. கழிப்பறை வசதி இல்லையென்று தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கும் ஆசிரியைகள் எத்தனை பேர்! அவர்களுடைய குரல் சிக்கலுக்குப் பள்ளியும் பொறுப்பு.

"குரல் போனால் கிசுகிசுவென்று பேசலாம்."

பலர் கிசுகிசுக்கும்போது குரல்வளைத் தசைகளை வழக்கத்தைவிட அதிகமாக இறுக்குகிறார்கள். ஓய்வு என்றால் பேசாமல் இருப்பது. பேசியே ஆக வேண்டுமென்றால் மெல்லிய, இயல்பான குரலில் பேசுவது நல்லது. அடிக்கடி கனைப்பதும் கூடாது. ஒவ்வொரு கனைப்பும் நாண்களை ஓங்கி மோதவைக்கிறது. கனைக்கத் தோன்றினால் ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள்.

"மைக் கேட்பது பலவீனம். நல்ல வாத்தியாருக்குக் கணீர்க் குரல் வேண்டும்."

சுற்றிலும் சத்தம் இருந்தால் யாருடைய குரலும் தானாகவே உயரும். பிரெஞ்சு மருத்துவர் எத்தியன் லம்பார் 1911-இலேயே இதைப் பதிவுசெய்தார். தகரக் கூரை, கடகடக்கும் மின்விசிறி, தட்டித் தடுப்புக்கு அப்பால் இன்னொரு வகுப்பு, எதிரே ஐம்பது பிள்ளைகள். இந்த அறையில் கத்துவது ஆசிரியரின் தேர்வு அல்ல, அறை அவரைக் கத்த வைக்கிறது. அமெரிக்காவில் நெல்சன் ராய் குழுவினர் குரல் சிக்கல் உள்ள ஆசிரியர்களிடம் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், உடலில் மாட்டிக்கொள்ளும் சிறு ஒலிபெருக்கியைப் பயன்படுத்தியவர்களின் குரல் தெளிவாகத் தேறியது. குரலைப் பேணும் அறிவுரை மட்டும் பெற்றவர்களிடம் அப்படிப்பட்ட முன்னேற்றம் இல்லை.

"லீவு விட்டால் தானாகச் சரியாகிவிடும்."

சளியால் வந்த கரகரப்பு ஓரிரு வாரத்தில் போய்விடும். மூன்று வாரம் கடந்தும் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்வளையைக் காட்ட வேண்டும். குரல்வளைப் புற்றுநோய்க்கும் முதல் அறிகுறி கரகரப்பாக இருக்கலாம். முடிச்சுகள் பெரும்பாலும் அறுவை இல்லாமலே பேச்சுப் பயிற்சியால் சுருங்கிவிடும், சீக்கிரம் போனால்.

போலந்து நாட்டில் ஆசிரியர்களின் நாள்பட்ட குரல் பாதிப்பு தொழில்சார் நோய்களின் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பார்வைதான் இங்கும் வேண்டும். சாக்பீஸ் வாங்கிக் கொடுப்பது போல வகுப்புக்கு மைக் வாங்கிக் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. தொடர்ச்சியாக நான்கு பாடவேளை தராமல் நடுவே ஒன்றை ஓய்வாக விடுவதற்குச் செலவே கிடையாது. தலைமையாசிரியர்கள் கால அட்டவணை போடும்போதே இதைச் செய்துவிடலாம்.