ஓதத்துக்கு மேல பெயிண்ட் அடிக்காதீங்க

தீபாவளி முடிஞ்சதும் எங்க டெல்டா பக்கம் பெயிண்ட் கடைகள்ல வியாபாரம் சூடு பிடிச்சிடும். பொங்கலுக்குள்ள வீட்டைப் பளபளன்னு ஆக்கணும். சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் பெங்களூர்லயும் இருக்கிற பிள்ளைங்க பணம் அனுப்புவாங்க. "அம்மா படுக்கிற ரூமுக்கு நல்ல பெயிண்டா அடிங்கப்பா, அந்தக் கறை தெரியக் கூடாது"ன்னு போன்ல சொல்லுவாங்க.

கறை தெரியாது. அடுத்த ஐப்பசி வரைக்கும் தெரியாது. அப்புறம் பெயிண்ட் கொப்புளம் கட்டி உரியும். உள்ளேயிருந்து வெள்ளையா உப்பு கொட்டும். பீரோவுக்குப் பின்னாடி கறுப்பா பூசணம் பிடிச்சிருக்கும். அம்மா ராத்திரி முழுக்க இருமிக்கிட்டு இருப்பாங்க. மறுபடியும் பணம் வரும், மறுபடியும் பெயிண்ட் அடிப்பாங்க. இது வருஷா வருஷம் நடக்கிற கூத்து. பணம் அனுப்புற உங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

நெல் கொள்முதல் நிலையத்துல 17 சதவீதத்துக்கு மேல ஈரம் இருந்தா எங்க நெல்லை எடுக்க மாட்டாங்க. ஒரு மிஷின்ல ஒரு கை நெல்லைப் போட்டுப் பார்த்து, "இன்னும் காயணும், கொண்டு போங்க"ன்னு சொல்லிடுவாங்க. ஈரமா கட்டி வச்ச மூட்டை உள்ளேயே சூடாகி, பூசணம் பிடிச்சு, வீணாப் போயிடும்னு எல்லாருக்கும் தெரியும். ஈர நெல்லைப் புதுச் சாக்குல கட்டிட்டா சரியாயிடும்னு யாராவது சொன்னா சிரிப்பீங்க. ஈரச் சுவத்துக்குப் புட்டி பார்த்து பெயிண்ட் அடிக்கிறதும் அதே வேலைதான். அதை மட்டும் காசு கொடுத்துச் செய்யறோம்.

சுவத்துக்கு ஈரம் மூணு வழியா வருது. மேல இருந்து வரும், கீழ இருந்து வரும், வீட்டுக்குள்ளேயே உண்டாகும். எந்த வழின்னு பார்க்காம செலவழிக்கிற ஒவ்வொரு ரூபாயும் தண்டம்.

மேல இருந்து வர்றதைக் கண்டுபிடிக்கிறது சுலபம். மொட்டை மாடியில தண்ணி தேங்கும், தட்டோட்டு இடுக்குல பூச்சு போயிருக்கும், கைப்பிடிச் சுவர் ஓரத்துல வெடிப்பு இருக்கும். பட்டணத்து அடுக்குமாடியில மேல் வீட்டு பாத்ரூம் பைப்பு கசியும். அந்த இடத்தைச் சரி பண்ணணும். தண்ணி புகாத பூச்சுக்கு வேலையே இங்கதான். மாடித் தளத்துக்கும் வெளிச்சுவர் வெடிப்புக்கும் அடிச்சா அது நியாயமான செலவு. கடைக்காரங்க அதே சரக்கை உள்சுவத்துக்கும் சேர்த்து விக்கிறாங்க பாருங்க, சண்டை அங்கதான்.

கீழ இருந்து வர்றதுதான் உண்மையான ஓதம். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சி மேல ஏத்துதே, அதே மாதிரி செங்கல்லும் கலவையும் தரையிலிருந்து தண்ணியை உறிஞ்சும். முழங்கால் உயரம், சில வீட்டுல இடுப்பு உயரம் வரைக்கும் கறை இருக்கும். ஏறி வர்ற தண்ணியோட மண்ணுல இருக்கிற உப்பும் சேர்ந்து வரும். தண்ணி காஞ்சதும் உப்பு தங்கி, பூத்து, பூச்சை நெட்டித் தள்ளும். உப்புத் தண்ணியில கலவை போட்ட வீடுன்னா கேக்கவே வேண்டாம். இதைத் தடுக்கத்தான் பேஸ்மட்டத்துல, தரை மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, ஈரம் ஏறாத ஒரு படுகையைக் கொத்தனார் போடுவார். அதுக்கு டிபிசின்னு பேரு. எங்களுக்கு டிபிசின்னா நெல் கொள்முதல் நிலையம்தான் ஞாபகம் வரும். அங்க ஈரத்தை உள்ள விட மாட்டாங்க, இங்கயும் விடக் கூடாது. ஆனா சிக்கனத்துல கட்டுற வீட்டுல முதல்ல வெட்டு விழறது இந்த டிபிசிக்குத்தான். மண்ணுக்குள்ள போறது யாருக்குத் தெரியப் போகுதுன்னு ஒரு தைரியம்.

ஒழுங்கா டிபிசி போட்ட வீட்டையும் நம்ம தெருவே கெடுத்துடுது. ரோடு போடும்போது பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காம மேல மேல போட்டுக்கிட்டே போறாங்க. அப்பா காலத்துல மூணு படி ஏறிப் போன வீட்டுக்கு இப்ப ஒரு படி இறங்கிப் போறோம். ரோடு மட்டம் டிபிசியைத் தாண்டிட்டா, வெளி மண்ணு நேரா சுவத்தைத் தொடும். அப்புறம் டிபிசி இருந்து என்ன புண்ணியம்? 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புது ரோடு போடணும், வீடுகள் தாழ்ந்து போகக் கூடாதுன்னு உத்தரவு போட்டார். காகிதத்துல இருக்கு. உங்க தெருவுல சுரண்டினாங்களா, இல்ல மேலயே கொட்டினாங்களான்னு நீங்களே பாருங்க. சுவத்துக்கு எந்தப் பெயிண்ட் நல்லதுன்னு கேக்கிற நேரத்துல, ரோடு ஏன் உயர்ந்ததுன்னு ஊராட்சியிலயும் வார்டுலயும் ஒரு கேள்வி கேக்கலாம். அந்தக் கேள்வி ஒரு தெருவையே காப்பாத்தும்.

மூணாவது, உள்ளேயே உண்டாகிற ஈரம். சோறு வடிக்கிறோம், வெந்நீர் போடுறோம், மழைக்காலம்னா துணியை ரூமுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப் போடுறோம். கொசுவுக்குப் பயந்து சன்னலையும் சாத்திடுறோம். அந்த ஆவியெல்லாம் எங்க போகும்? மார்கழி ராத்திரியில கான்கிரீட் தளமும் வெளிச்சுவரும் குளிர்ந்து கிடக்கும். ஆவி அதுல பட்டுத் தண்ணியாயிடும். தகர ஷீட்டு போட்ட வீட்டுல விடியக்காலம் தலையில சொட்டுறது இதுதான், கூரை ஒழுகல் இல்ல. பட்டணத்துல ஏசி ரூம் சுவர் குளிர்ந்து, அதோட மறுபக்கம் ஈரம் பூக்கிறதும் இதே கணக்குதான். காத்து படாத பீரோ முதுகுலயும் கட்டில் மூலையிலயும் பூசணம் குடியேறும்.

எந்த வழின்னு கண்டுபிடிக்க இஞ்சினியர் வேண்டாம். சாப்பாடு கட்டித் தர்ற அலுமினியத் தாளை ஒரு சாண் அளவுக்கு வெட்டி, சுவத்துல வச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டுங்க. ரெண்டு நாள் கழிச்சுப் பாருங்க. தாளோட சுவர்ப் பக்கம் ஈரமா இருந்தா, ஈரம் சுவத்துக்குள்ள இருக்கு. நம்ம பக்கம் வேர்த்திருந்தா, அது ரூம் காத்துல இருக்கிற ஈரம். பத்து பைசா செலவு இல்லாத சோதனை. எந்தப் பெயிண்ட் கடையிலயும் இதைச் சொல்லித் தர மாட்டாங்க.

இனி பொங்கலுக்கு வருவோம். நம்ம முன்னோர் பொங்கலுக்கு வெள்ளை அடிச்சாங்களே, நாங்க அடிச்சா மட்டும் தப்பான்னு கேப்பீங்க. அவங்க அடிச்சது சுண்ணாம்பு. சுண்ணாம்பு ஈரத்தை உள்ள பூட்டி வைக்காது, காத்துப் பட்டா சுவர் காயும். அதோட காரத்துக்குப் பூசணம் லேசுல வளராது. நாம அடிக்கிறது பிளாஸ்டிக் தோல் மாதிரியான பெயிண்ட். ரெண்டு மாசம் மழையில ஊறின சுவர் காயறதுக்குள்ள, மார்கழியில, அதுக்கு மேல ஒரு தோல் போர்த்திடுறோம். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேல ஏறும். போன வருஷம் முழங்கால் உயரத்துல இருந்த கறை இந்த வருஷம் சுவிட்ச் போர்டுகிட்ட வந்துடும்.

இதைப் படிச்சுட்டு, "அதுக்குத்தான் சொல்றோம், மண் வீட்டுக்கே திரும்பிடலாம்"னு சில பேர் கிளம்புவாங்க. வேண்டாங்க. நான் மண் வீட்டுல பொறந்தவன். மழைக்குச் சுவர் கரைஞ்சு விழுந்ததையும், கரையான் அரிச்சதையும், வருஷா வருஷம் எங்க அம்மா சாணி கரைச்சு மெழுகி முதுகு ஒடிஞ்சதையும் பார்த்தவன். சனிக்கிழமை வந்து போட்டோ எடுத்துட்டு ஞாயித்துக்கிழமை திரும்பிப் போறவங்களுக்கு மண் வீடு அழகுதான். எங்களுக்குச் செங்கல் வீடு வேணும். அது காஞ்ச வீடா இருக்கணும், அவ்வளவுதான்.

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயமும் இல்ல. உலக சுகாதார நிறுவனம் 2009-லயே வீட்டு ஈரத்தையும் பூசணத்தையும் பத்தித் தனிப் புத்தகமே போட்டிருக்கு. ஈர வீட்டுல இருக்கிறவங்களுக்கு ஆஸ்துமாவும் மூச்சுத் தொந்தரவும் அதிகம்னு அதுல சொல்லியிருக்காங்க. எங்க தெருவுல இழுப்பு வந்து அவதிப்படுற குழந்தைங்களும் கிழவிங்களும் படுக்கிற இடத்தைப் போய்ப் பாருங்க. பாதிப் பேருக்குத் தலைமாட்டுல கறுப்புச் சுவர். மருந்துக்கு ஒரு செலவு, பெயிண்டுக்கு ஒரு செலவு, சுவர் மட்டும் அப்படியே.

அதனால இந்த வருஷம் பணம் அனுப்பும்போது இப்படிச் சொல்லி அனுப்புங்க. பொங்கலுக்குச் சுண்ணாம்பு போதும். மாடியில தண்ணி தேங்குதா, சுவர் ஓரமா மண்ணு ஏறியிருக்கான்னு கொத்தனாரைக் கூட்டிப் பார்க்கணும். ஏறியிருக்கிற மண்ணை வெட்டி எடுத்து, தண்ணி சுவத்தை விட்டு விலகி ஓட ஒரு வாய்க்கால் எடுக்கணும். உப்பு பூத்த பூச்சைக் கொத்தி எடுத்துட்டு, செங்கல்லைப் பங்குனி வெயில்ல காய விட்டு, அப்புறம் சுண்ணாம்புக் கலவையில பூசணும். பீரோவைச் சுவத்தை விட்டு நாலு விரக்கடை தள்ளி வைக்கணும். சன்னலை நாங்க நெல்லு காயப் போடுற நேரம் பார்த்துத் திறக்கணும். மழை கொட்டும்போது திறந்தா ஈரக் காத்துதான் உள்ள வரும், வெயில் அடிச்சதும் திறங்க. கொசுவுக்கு வலை அடிச்சா தீர்ந்தது. பூசணத்தைக் காஞ்ச பிரஷ்ஷால தேய்ச்சுப் பறக்க விடாம, மூக்கைக் கட்டிக்கிட்டு சோப்புத் தண்ணியில நனைச்ச துணியால துடைக்கணும். பிளீச்சிங் பவுடரோட ஆசிட்டைக் கலந்துடாதீங்க, அதுல வர்ற புகை ஆளையே சாய்ச்சிடும்.

பளபளன்னு சுவர் வேணும்னா சித்திரையில அடிச்சுக்குங்க, வேண்டாங்கல. அதுக்கு முன்னாடி ஊருக்கு வரும்போது ஒரு தடவை அம்மாவோட கட்டிலை இழுத்துப் போட்டு, பின்னாடி சுவத்துல உள்ளங்கையை வச்சுப் பாருங்க. ஜில்லுன்னு ஈரம் பட்டா, அந்தப் பணத்தைக் கடைக்காரர் கையில கொடுக்காம கொத்தனார் கையில கொடுங்க.